கேன்டர் செட்டுக்கு ஃபூரியர் ஃப்ரேம் இருக்கா? கோட் ஓட்டி பாத்தேன், இருக்குன்னு வருது

பெருங்குடி_புள்ளி (சனி, இரவு 11:42)

மக்களே, எம்எஸ்சி மேத்ஸ் முடிச்சு 9 வருஷம் ஆச்சு, இப்ப பெருங்குடில சாஃப்ட்வேர் வேலை, கணக்குக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாம போயிருந்துச்சு. போன மாசம் மழைல ரெண்டு நாள் வீட்லயே மாட்டிக்கிட்டப்ப சும்மா படிக்க ஆரம்பிச்சது இப்ப பைத்தியம் புடிச்ச மாதிரி ஆயிடுச்சு.

விஷயம் இதான். 0-ல இருந்து 1 வரைக்கும் கோடு, நடு மூணுல ஒரு பங்க வெட்டு, மிச்சம் இருக்கற ரெண்டு துண்டுலயும் நடுவ வெட்டு, இப்படியே போய்க்கிட்டே இருந்தா வர்றது கேன்டர் செட். ஒவ்வொரு வெட்டுலயும் ரெண்டு பக்கத்துக்கும் பாதி பாதி எடை குடுத்தா அது கேன்டர் மெஷர். 1998-ல ஜார்கன்சன், பெடர்சன் ரெண்டு பேரும் இதுல ஃபூரியர் அடுக்குகள (ஒவ்வொரு ஃப்ரீக்வென்சிக்கும் ஒரு அலை) வச்சு செங்குத்து பேசிஸ் கட்டவே முடியாதுன்னு காட்டிட்டாங்க. சரி பேசிஸ் வேணாம், அதவிட தளர்வா ஒரு ஃப்ரேமாவது இருக்கான்னு 2000-ல ராபர்ட் ஸ்ட்ரிகார்ட்ஸ் கேட்டார். அவரு 2021-ல இறந்தும் போயிட்டார், கேள்வி அப்படியே இருக்கு.

நான் என்ன பண்ணேன்னா, 'என்'னு (n) ஒரு எண்ண எடுத்து அத்தனை தடவை வெட்டினா (அதுதான் என்-ஆவது லெவல்) 2-இன் என்-ஆம் அடுக்கு புள்ளி வரும்ல, அதுக்கு 0-ல ஆரம்பிச்சு 3-இன் என்-ஆம் அடுக்கு வரைக்கும் இருக்கற முழு எண்கள ஃப்ரீக்வென்சியா எடுத்துக்கிட்டு, அதுல இருந்து பேராசை முறையில (அப்பப்ப எது பெஸ்ட்டோ அத எடுக்கறது) ஒண்ணொண்ணா பொறுக்கினேன், புள்ளி எண்ணிக்கைல ரெண்டரை மடங்கு வர்ற வரைக்கும். அப்புறம் சின்ன ஐகன்வேல்யூ பெரிய ஐகன்வேல்யூ ரெண்டையும் பாத்தேன், அதுதான் ஃப்ரேமோட கீழ் எல்லையும் மேல் எல்லையும். 4-ஆவது லெவல்ல இருந்து 9-ஆவது லெவல் வரைக்கும் ரெண்டுமே ஒரு இடத்துலயே நிக்குது, சின்னது பூஜ்யத்துக்கு இறங்கல, பெருசு வெடிச்சு போகல.

அப்ப ஃப்ரேம் இருக்குன்னுதானே அர்த்தம்? 25 வருஷமா திறந்து கெடக்கற கேள்விய லேப்டாப்புல முடிச்சிட்டேன்னு சொல்ல நான் ஒண்ணும் அவ்ளோ முட்டாள் இல்ல, எங்கயோ தப்பு இருக்கு, எங்கன்னுதான் தெரியல. திட்டாம சொல்லுங்க.

கொட்டிவாக்கம்_காக்கா (சனி, இரவு 11:50)

தூக்கம் வராததுக்கு மழைத்தண்ணி கொசு காரணம் ப்ரோ, கேன்டர் இல்ல

இரண்டாம்_வருஷம் (ஞாயிறு, காலை 12:15)

அண்ணா நான் பிஎஸ்சி ரெண்டாவது வருஷம். பேசிஸ் தெரியும், ஃபூரியர் சீரிஸ் இப்பதான் நடத்துறாங்க. ஃப்ரேம்னா என்ன? கேவலமான கேள்வியா இருந்தா மன்னிச்சிருங்க

தரமணி_டீக்கடை (ஞாயிறு, காலை 1:03)

தம்பி, கேவலம்லாம் இல்ல, இந்த இழைல இருக்கற நல்ல கேள்வி அதுதான்.

பேசிஸ்னா ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் போக ஒரே ஒரு பஸ், ஒரே ஒரு வழி. ஃப்ரேம்னா நம்ம ஓஎம்ஆர் ரோடு மாதிரி. 570-ம் போகும், இன்னும் நாலு நம்பரும் போகும், நடுவுல ஷேர் ஆட்டோவும் போகும், ஒண்ணு வரலைன்னாலும் நீ போய் சேர்ந்துடுவ. ஆனா ரெண்டு கண்டிஷன் இருக்கு. எந்த ஸ்டாப்பும் பஸ்ஸே இல்லாம கெடக்கக் கூடாது, அது கீழ் எல்லை. எந்த ஸ்டாப்புலயும் எண்ணிக்கை இல்லாம பஸ் வந்து குவியவும் கூடாது, அது மேல் எல்லை. கணக்கா சொன்னா எஃப்னு எந்த ஃபங்ஷன் குடுத்தாலும் அதோட ஃபூரியர் கோஎஃபிஷியன்ட் வர்க்கங்களோட கூட்டுத்தொகை எஃப்போட எனர்ஜிக்கு (எஃப்போட வர்க்கத்த மெஷர் மேல கூட்டினது) இத்தனை மடங்குக்கு கீழயும் போகக் கூடாது, அத்தனை மடங்குக்கு மேலயும் போகக் கூடாது. இந்த ரெண்டு மடங்கும் எல்லா எஃப்புக்கும் பொதுவா இருக்கணும். அவ்ளோதான் ஃப்ரேம். 1952-ல டஃபின், ஷேஃபர் ரெண்டு பேரும் கொண்டு வந்தது.

இப்ப உனக்கு தோணலாம், அப்ப முழு எண்கள் அத்தனையும் போட்டுட்டா என்ன, எல்லா பஸ்ஸையும் விடுவோம். சாதாரண நீள மெஷருக்கு அது சரி, அதுதான் நீ படிக்கற ஃபூரியர் சீரிஸ். கேன்டர் மெஷருக்கு அப்படி போட்டா கூட்டுத்தொகை இன்ஃபினிட்டி. ஏன்னா கூட்டுத்தொகை முடிவுள்ளதா இருந்தா அந்த மெஷருக்கு சாதாரண டென்சிட்டி ஒண்ணு இருந்தாகணும், கேன்டர் மெஷரோ நீளமே இல்லாத செட்டு மேல உக்காந்திருக்கு. அதனால பெரும்பாலான முழு எண்கள தூக்கி எறிஞ்சே ஆகணும். எதை எறியறது எதை வச்சுக்கறதுங்கறதுதான் இருபத்தஞ்சு வருஷ பிரச்சனை.

புள்ளி ப்ரோ, உங்க கேள்விக்கு காலைல வரேன், இப்ப கண்ணு சொருகுது.

வேளச்சேரி_வெயில் (ஞாயிறு, காலை 7:20)

நான் சிக்னல் ப்ராசஸிங் ஆள், சுத்தமான கணக்கு தெரியாது. ஆனா ஃப்ரேம் எங்களுக்கு தினசரி சோறு. ஓவர்சாம்பிளிங்னு பண்றோமே அது அப்படியே ஃப்ரேம்தான், தேவைக்கு மேல சாம்பிள் எடுத்தா சத்தம் கொஞ்சம் கலந்தாலும் திருப்பி எடுத்துடலாம். 1952-ல வந்த ஐடியாவ ரொம்ப நாள் யாரும் கண்டுக்கல, 1986-ல டோபஷீஸ், கிராஸ்மன், மேயர் மூணு பேர் எழுதின பேப்பருக்கு அப்புறம்தான் வேவ்லெட் ஆளுங்க கைல வந்து பரவுச்சு. அந்த பேப்பர் தலைப்புலயே வலியில்லாதன்னு ஒரு வார்த்தை வரும், அது பொய், எனக்கு வலிச்சுது.

என் டவுட்டு வேற. புள்ளி லெவல் மாத்தும்போது பொறுக்கின ஃப்ரீக்வென்சி லிஸ்ட்டும் மாறுதா? 8-ஆவது லெவல் லிஸ்ட்டுக்குள்ள 7-ஆவது லெவல் லிஸ்ட்டு அப்படியே இருக்கா?

பெருங்குடி_புள்ளி (ஞாயிறு, காலை 9:05)

அக்கா, ஒவ்வொரு லெவலுக்கும் புதுசாதான் பொறுக்கறேன். ஏன் கேக்கறீங்க?

சேப்பாக்கம்_சார் (ஞாயிறு, காலை 9:40)

நான் ரிட்டயர்ட் ஆன கல்லூரி வாத்தியார், பழக்க தோஷம், போர்டுல எழுதற மாதிரியே எழுதறேன். பேசிஸ் ஏன் இல்லைங்கறத முதல்ல எல்லாரும் கையால போட்டு பாத்துடுங்க, அஞ்சு நிமிஷ வேலை, அதுக்கு மேல பேசினா சுவை இருக்கும்.

கேன்டர் மெஷரோட ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம், திசைக்கு வர்ற காரணிய விட்டுட்டா, முடிவில்லாத காஸ் பெருக்கல். ஒவ்வொரு காரணியும் காஸ் ஆஃப் டூ பை க்ஸை (க்ஸைங்கறது ஃப்ரீக்வென்சி), அத 3, 9, 27-னு வகுத்துக்கிட்டே போகணும். எங்க பூஜ்யம் ஆகும்? 3-இன் ஏதாவது ஒரு அடுக்கை (3, 9, 27 இப்படி) ஒரு ஒத்தைப்படை எண்ணால பெருக்கி, 4-ஆல வகுத்த இடங்கள்ல மட்டும். 3-இன் அடுக்கு எல்லாமே ஒத்தைப்படை. அதனால பூஜ்யம் எல்லாமே ஒத்தைப்படையின் கால் பங்கு.

ரெண்டு ஃப்ரீக்வென்சி செங்குத்துன்னா, அதுங்களோட வித்தியாசத்துல இந்த டிரான்ஸ்ஃபார்ம் பூஜ்யம்னு அர்த்தம். இப்ப மூணு ஃப்ரீக்வென்சி ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா இருக்குன்னு வச்சுக்குங்க. முதலுக்கும் ரெண்டாவதுக்கும் வித்தியாசம் ஒத்தைப்படையின் கால், ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் வித்தியாசம் ஒத்தைப்படையின் கால். கூட்டினா முதலுக்கும் மூணாவதுக்கும் வித்தியாசம் வரும். ஒத்தையும் ஒத்தையும் கூட்டினா இரட்டை. ஆனா அதுவும் ஒத்தையா இருக்கணுமே. முரண்பாடு. ஆகவே ரெண்டுக்கு மேல செங்குத்தா ஒண்ணும் சேராது. முடிவில்லாத பேசிஸ் வேணும்னு போனா மூணாவது ஆளே வரமாட்டேங்கறான்.

இரண்டாம்_வருஷம் (ஞாயிறு, காலை 10:02)

சார் இவ்ளோதானா?? ஒத்தை இரட்டை மட்டும் வச்சா?? எனக்கு புரிஞ்சிடுச்சு சார், நெஜமாவே புரிஞ்சிடுச்சு

சேப்பாக்கம்_சார் (ஞாயிறு, காலை 10:10)

இவ்ளோதான் தம்பி. இதே வேலைய 4-ஆல செஞ்சு பாருங்க. கோட்ட நாலா பிரிச்சு 0-ஆவது துண்டையும் 2-ஆவது துண்டையும் வச்சுக்கிட்டா பூஜ்யங்கள் 4-இன் அடுக்கு பெருக்கல் ஒத்தைப்படைன்னு வரும், 1-ல இருந்தே ஆரம்பிக்கும். 0, 1, 4, 5, 16, 17, 20, 21 இப்படி 4 அடிமானத்துல 0-ம் 1-ம் மட்டும் வர்ற எண்கள எடுங்க. எந்த ரெண்டை கழிச்சாலும் ஒரு பூஜ்யத்துல போய் உக்காரும். முழு பேசிஸ். ஜார்கன்சன், பெடர்சன் கட்டினது இதான். அதுவும் நல்ல பேசிஸ். சாதாரண ஃபூரியர் சீரிஸ்ல தொடர்ச்சியான ஃபங்ஷன் குடுத்தாக்கூட சில இடத்துல சீரிஸ் குவியாதுன்னு 1873-ல டு பாய்-ரேமண்ட் காட்டிட்டார், இந்த 4-ஆம் நம்பர் கேன்டர்ல தொடர்ச்சியான ஃபங்ஷனோட சீரிஸ் சீரா குவியும்னு ஸ்ட்ரிகார்ட்ஸ் 2006-ல நிரூபிச்சார். பொத்தல் விழுந்த செட்டு, முழு கோட்டவிட ஒழுங்கா நடந்துக்குது. வகுப்புல இத சொல்லும்போது ஒரு பையனும் நிமிர்ந்து பாக்க மாட்டான், எனக்குத்தான் புல்லரிக்கும்.

பெருங்குடி_புள்ளி (ஞாயிறு, மதியம் 12:30)

அப்ப அதே மாதிரி 3 அடிமானத்துல 0-ம் 1-ம் மட்டும் வர்ற எண்கள எடுத்தா? 0, 1, 3, 4, 9, 10, 12, 13... செங்குத்தா வராது தெரியும், ஆனா ஃப்ரேமா வரலாம்ல, எண்ணிக்கையும் சரியா இருக்கு, ஒவ்வொரு லெவலுக்கும் ரெண்டு மடங்கு

தரமணி_டீக்கடை (ஞாயிறு, மதியம் 1:15)

வராது, மேல் எல்லையிலயே செத்துடும். இது எனக்கு புடிச்ச கணக்கு, கால்குலேட்டர் எடுங்க.

1-ங்கற ஃப்ரீக்வென்சில டிரான்ஸ்ஃபார்ம் மதிப்பு என்ன? காஸ் 120 டிகிரி, காஸ் 40, காஸ் 13.33, காஸ் 4.44... பெருக்குங்க. குறிய விட்டுட்டா 0.5, 0.383, 0.3727, 0.3716... போய் 0.371 பக்கத்துல நிக்கும். இப்ப 3-ங்கற ஃப்ரீக்வென்சில? முன்னாடி ஒரு காஸ் 360 டிகிரி கூடுதலா வரும், அது 1. மிச்சம் அதே பெருக்கல். அப்ப 3-லயும் 0.371. 9-லயும் 0.371. 27, 81, எவ்ளோ தூரம் போனாலும் 0.371. கேன்டர் மெஷரோட டிரான்ஸ்ஃபார்ம் தூரம் போனா அடங்கவே அடங்காது, ஒரு பிடிவாதம் அதுக்கு.

உங்க லிஸ்ட்டுல 1, 3, 9, 27 எல்லாம் இருக்கு. 1-ங்கற மாறாத ஃபங்ஷன எடுங்க, அதோட கோஎஃபிஷியன்ட்தான் இந்த டிரான்ஸ்ஃபார்ம் மதிப்பு. ஒவ்வொரு 3-இன் அடுக்கும் 0.371-இன் வர்க்கம், அதாவது கிட்டத்தட்ட 0.138, கூட்டுத்தொகைல சேர்க்கும். முடிவில்லாம 0.138 கூட்டினா இன்ஃபினிட்டி. ஒரே ஸ்டாப்புல எல்லா பஸ்ஸும் நிக்குது. முடிஞ்சுது கதை.

4-ஆம் நம்பர் கேஸ்ல அதே இடங்கள்ல 0 வருது, இங்க 0.371 வருது. வித்தியாசம் அவ்ளோதான், ஆனா அதுல எல்லாமே போயிடுது.

பெருங்குடி_புள்ளி (ஞாயிறு, மதியம் 1:40)

அய்யோ. சரி. ஆனா என் கோட் அந்த லிஸ்ட்ட எடுக்கல, அது பொறுக்கி எடுக்குது, அதுல ரெண்டு எல்லையும் நல்லாதானே வந்துச்சு

தரமணி_டீக்கடை (ஞாயிறு, மாலை 5:55)

இப்ப மெயின் விஷயத்துக்கு வரேன், கொஞ்சம் நீளம், டீ போட்டு வச்சுக்குங்க.

உங்க கோட் தப்பில்ல. அது காட்டினது உண்மை. ஆனா அந்த உண்மை ஏற்கனவே தேற்றமா இருக்கு, அதுல இருந்து கேள்விக்கு பதில் வராது.

என்-ஆவது லெவல்ல உங்ககிட்ட இருக்கறது என்ன? 2-இன் என்-ஆம் அடுக்கு புள்ளி, 3-இன் என்-ஆம் அடுக்கு ஃப்ரீக்வென்சி. 8-ஆவது லெவல்னா 256 புள்ளி, 6561 ஃப்ரீக்வென்சி. அத்தனை ஃப்ரீக்வென்சியும் போட்டா கூட்டுத்தொகை எல்லா ஃபங்ஷனுக்கும் சரியா ஒரே மடங்கு, 6561-ஐ 256-ஆல வகுத்தா வர்ற 25.63. கச்சிதமான ஃப்ரேம், ஆனா மடங்கு பெருசு, 12-ஆவது லெவல்ல அது 129.7 ஆயிடும். இந்த மடங்க நிலையா ஒரு எண்ணுக்குள்ள கொண்டு வர, ரோக்கள (டேபிள்ல ஒரு ஃப்ரீக்வென்சிக்கு ஒரு ரோ) கொறைக்கணும், எந்த திசையும் பட்டினி கெடக்காம கொறைக்கணும். ரேண்டமா பொறுக்கினா ஒரு லாகரிதம் அளவு கூடுதலா எடுக்க வேண்டி வரும், அது நமக்கு ஆகாது.

இங்கதான் காடிசன்-சிங்கர் வருது. 1959-ல ரெண்டு பேர் ஆப்பரேட்டர் அல்ஜிப்ரால கேட்ட கேள்வி, 2013-ல ஆடம் மார்கஸ், டேனியல் ஸ்பீல்மன், நிகில் ஸ்ரீவஸ்தவா மூணு பேர் முடிச்சாங்க, கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கத்துல இருந்து வந்து, பாலினாமியல் மூலங்கள் பின்னிப்பின்னி வர்றத வச்சு. அதுல இருந்து என்ன வருதுன்னா, இந்த மாதிரி சமமான ரோ இருக்கற பெரிய கச்சிதமான டேபிள்ல இருந்து, புள்ளி எண்ணிக்கைக்கு ஏதோ ஒரு நிலையான மடங்கு மட்டும் ரோ பொறுக்கி, ரெண்டு எல்லையும் லெவலை பொறுத்து மாறாத மாதிரி நிச்சயமா எடுக்கலாம். நிட்ஸான், ஒலெவ்ஸ்கி, உலனோவ்ஸ்கி இத வச்சுத்தான் 2016-ல, முடிவுள்ள நீளம் இருக்கற எந்த செட்டுக்கும், அது எல்லையில்லாம சிதறி கெடந்தாக்கூட, ஃபூரியர் ஃப்ரேம் உண்டுன்னு காட்டினாங்க.

அப்ப 4, 5, 9 இல்ல, 900-ஆவது லெவல்லயும் உங்க கோட் நல்ல எண் காட்டும், சரியா பொறுக்க தெரிஞ்சா. ஒவ்வொரு மாடியும் தனித்தனியா ஓகே. கேள்வி ஒரே ஒரு லிஸ்ட், எல்லா மாடிக்கும் பொதுவா. அக்கா காலைல ஏழு மணிக்கே கேட்டது அதான்.

லிமிட் எடுத்தா என்ன ஆகும்? மேல் எல்லை பத்திரமா லிமிட்டுக்கு போயிடும், அதுல பிரச்சனை இல்ல. கீழ் எல்லைதான் ஒழுகும். ஒவ்வொரு லெவல்லயும் பொறுக்கின ஃப்ரீக்வென்சிகள் மேல மேல தூரமா ஓடிட்டே இருந்தா, எனர்ஜி அவங்களோடயே ஓடிடும், லிமிட்டுல கைல மிஞ்சற லிஸ்ட்டு பாதி காலியா, ஏன் முழு காலியாகூட இருக்கலாம். ஒவ்வொரு மாசமும் சம்பளம் வருது, ஆனா வருஷக் கடைசில பேங்க்ல ஒண்ணும் இல்ல. அந்த மாதிரி.

கொட்டிவாக்கம்_காக்கா (ஞாயிறு, மாலை 6:01)

கடைசி ரெண்டு வரி மட்டும் முழுசா புரிஞ்சுது

வேளச்சேரி_வெயில் (ஞாயிறு, மாலை 6:30)

ஓகே புரியுது. அப்ப லிஸ்ட்டு வேணாம், ஒவ்வொரு ஃப்ரீக்வென்சிக்கும் ஒரு எடை குடுத்து சேர்க்கலாமா? எங்க ஃபில்டர் டிசைன்ல அப்படித்தான் செய்வோம், தூரமா இருக்கறதுக்கு கம்மி எடை.

சேப்பாக்கம்_சார் (ஞாயிறு, இரவு 8:15)

அம்மா, நல்ல இடத்த தொட்டுட்டீங்க. எடை வச்சு செஞ்சாலே போதும். 2019-ல ஃப்ரீமன், ஸ்பீகிள்னு ரெண்டு பேர், காடிசன்-சிங்கர வச்சேதான், எடை போட்ட, ஏன் தொடர்ச்சியாவே பரவியிருக்கற ஃப்ரேம் ஒண்ணு கெடைச்சா அதுல இருந்து புள்ளி புள்ளியா ஒரு சாதாரண ஃப்ரேம பொறுக்கிடலாம்னு காட்டிட்டாங்க, வெக்டர்களோட நீளம் கட்டுக்குள்ள இருந்தா போதும். ஃபூரியர் அடுக்குகளுக்கு நீளம் எப்பவும் 1. அதனால உங்க கேள்வியும் ஸ்ட்ரிகார்ட்ஸ் கேள்வியும் ஒண்ணுதான்.

4-ஆம் நம்பர் கேஸ்ல அந்த எடை கையிலயே இருக்கு, பாருங்க. கேன்டர் இலக்கம் 0, 2. அதுக்கு கூட்டாளியா 0, 1 இலக்கம் வச்ச இன்னொரு மெஷர எடுங்க. ரெண்டையும் கூட்டினா 0, 1, 2, 3, ஒவ்வொண்ணும் சரியா ஒரே ஒரு தடவை. ஓட்டை இல்ல, மேல விழல. ரெண்டு மெஷரையும் கன்வொல்யூஷன் பண்ணா (ஒண்ணோட புள்ளியையும் இன்னொண்ணோட புள்ளியையும் கூட்டி எடைய பரப்பினா) முழு கோடு, சாதாரண நீளம். அதுல சாதாரண ஃபூரியர் சீரிஸ் வேலை செய்யும், எல்லா முழு எண்ணும் வரும், ஒவ்வொரு முழு எண்ணுக்கும் எடை கூட்டாளி மெஷரோட டிரான்ஸ்ஃபார்ம் வர்க்கம். எனர்ஜி அச்சு பிசகாம சமமா வரும்.

3-க்கு இத செய்ய போனா? கைல 0, 2, ரெண்டு இலக்கம். 0, 1, 2 மூணையும் சரியா ஒரே தடவை நிரப்பற கூட்டாளி வேணும். ரெண்டு இலக்கம் கூட்டாளியோட எத்தனை சேர்ந்தாலும் வர்றது இரட்டைப்படை எண்ணிக்கை, வேண்டியது மூணு. மூணு இட்லிய முழுசு முழுசா ரெண்டு தட்டுல சமமா வைக்க முடியுமா?

தரமணி_டீக்கடை (ஞாயிறு, இரவு 8:40)

சார் இட்லி சூப்பர். ஒரு விஷயம் சேக்கறேன், மிச்சம் விழுந்தாலே செத்துச்சுன்னு இல்ல. சுன்-கிட் லாய், யாங் வாங் 2017-ல பேசிஸே இல்லாத ஆனா ஃப்ரேம் இருக்கற ஃப்ராக்டல் மெஷர் முதல் முதலா கட்டினாங்க. அங்கயும் வகுத்தா மிச்சம் வரும், ஆனா ஒவ்வொரு மாடிக்கும் அடிமானம் பெருசாகிட்டே போகும், மிச்சம் அதுக்கு முன்னாடி கொசுறு. ஒவ்வொரு மாடியோட பிழையும் மொத்தமா கூட்டினா முடிவுள்ளதா வரும். நம்ம கேஸ்ல 3 = 2 + 1, ஒவ்வொரு மாடிலயும் அதே மிச்சம், கொறையவே கொறையாது.

இரண்டாம்_வருஷம் (ஞாயிறு, இரவு 9:10)

அண்ணா ஃப்ரேம் இல்லவே இல்லன்னு நிரூபிச்ச மெஷர் ஏதாவது இருக்கா

தரமணி_டீக்கடை (ஞாயிறு, இரவு 9:35)

இருக்கு. சுலபமானது: பாதி கேன்டர், பாதி சாதாரண நீளம்னு கலந்தா ஃப்ரேம் கெடையாது. ஹே, லாய், லாவ் மூணு பேர் 2013-ல காட்டினது, மெஷர் ஒரே ஜாதியா இருக்கணும். நீளம் இருக்கற மெஷர்னா அதோட டென்சிட்டி செட்டு மேல எங்கயும் பூஜ்யத்துக்கு இறங்காம, எங்கயும் வெடிக்காம இருக்கணும்.

ஆனா எனக்கு புடிச்சது இது. உங்க வீட்டு வாசல்ல கட்டமா ஒரு கோலம் போடுங்க, வெறும் நாலு கோடு, சதுரம். அந்த கோட்டு மேல மட்டும் எடைய சீரா பரப்புங்க. ஃப்ரேம் இருக்கு. அதே வாசல்ல வட்டம் போடுங்க. ஃப்ரேம் இல்ல. இயோசெவிச், லாய், லியூ, வைமன் நாலு பேர் நிரூபிச்சது, எல்லா இடத்துலயும் வளைவு இருக்கற குவிந்த உருவத்தோட ஓரத்துக்கு ஃப்ரேம் கெடையாது, தட்டையான முகம் மட்டும் இருக்கற உருவத்தோட ஓரத்துக்கு எப்பவும் உண்டு. வட்டத்துல எடை அவ்ளோ அழகா, எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி பரவியிருக்கு, இருந்தும் இல்ல.

சேப்பாக்கம்_சார் (ஞாயிறு, இரவு 9:50)

அதனாலதான் என் பந்தயம் கேன்டருக்கும் இல்லைங்கற பக்கம்.

தரமணி_டீக்கடை (ஞாயிறு, இரவு 10:05)

சார் இங்க நான் உங்களோட ஒத்துப்போகல. வட்டத்துக்கு இல்லாததுக்கு காரணம் வளைவு, வளைவு இருந்தா டிரான்ஸ்ஃபார்ம் தூரத்துல அடங்கிடும், அந்த அடக்கம்தான் கொல்லுது. கேன்டர்ல அடக்கமே இல்ல, 0.371 பிடிவாதம் மேலயே பாத்தோம். அது தட்டையான கோடு மாதிரிதான் நடந்துக்குது, வட்டம் மாதிரி இல்ல. அதனால வட்டத்த காட்டி கேன்டருக்கு இல்லன்னு சொல்றது எனக்கு ஒப்பல. மேல் எல்லை மட்டும் போதும்னா தாராளமான லிஸ்ட்டுகள் இருக்கு, டட்கே, ஹான், வெபர் 2011-லயே அடர்த்தி உள்ளதா கட்டி குடுத்துட்டாங்க. கீழ் எல்லைய மட்டும் யாரும் புடிக்கல.

சேப்பாக்கம்_சார் (ஞாயிறு, இரவு 10:20)

வளைவு வாதம் சரி, நான் வாபஸ் வாங்கறேன். ஆனா பந்தயம் வாபஸ் இல்ல. என் காரணம் இட்லிதான், வட்டம் இல்ல. 40 வருஷம் பாடம் எடுத்ததுல ஒண்ணு பாத்திருக்கேன், ஒத்தை இரட்டை மாதிரி சின்ன விஷயம் ஒரு வாசல்ல நின்னுதுன்னா, அடுத்த வாசல்லயும் அதுதான் நிக்கும்.

வேளச்சேரி_வெயில் (ஞாயிறு, இரவு 10:31)

சார் அது நிரூபணம் இல்ல, ஜோசியம் 🙂

பெருங்குடி_புள்ளி (செவ்வாய், இரவு 11:15)

ரெண்டு நாள் ஆபீஸ்ல ரிலீஸ், வர முடியல. அக்கா சொன்னத செஞ்சு பாத்தேன். ஒவ்வொரு லெவல்லயும் பொறுக்கின லிஸ்ட்ட வரிசையா பிரிண்ட் பண்ணேன். வெக்கமா இருக்கு சொல்ல, ஆனா சொல்லிடறேன், அடுத்தடுத்த லிஸ்ட்டுக்கு நடுவுல பொதுவா இருக்கற எண்கள் ரொம்ப கம்மி, ஏதோ எதேச்சையா விழுந்த அளவுதான். சின்ன எண்கள் ஒவ்வொரு தடவையும் வேற வேற. 7-க்கு பொறுக்கின லிஸ்ட்ட மாத்தக் கூடாதுன்னு பூட்டு போட்டுட்டு 8-க்கு மேல மட்டும் சேக்க சொன்னேன், அப்ப 8 பரவால்ல, 9 மோசம், அதுக்கும் மேல போக என் லேப்டாப்புக்கு மூச்சு இல்ல. மோசம்ங்கறதுக்கு என் பொறுக்கற முறை காரணமா இல்ல உண்மையிலயே இல்லையான்னு இந்த கோட்டால சொல்ல முடியாதுங்கறது மட்டும் இப்ப நல்லா தெரியுது. பூட்டு போட்ட கோட இன்னும் வேகமா எழுதணும், யாராவது ஜிபியு இருந்தா கடன் குடுங்க.

கொட்டிவாக்கம்_காக்கா (செவ்வாய், இரவு 11:20)

என் தம்பி கேம் ஆடற மெஷின் இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு மேல அவன் தூங்கினப்புறம் எடுத்துக்கலாம். நெஜமாதான் சொல்றேன், டிஎம் பண்ணு

இரண்டாம்_வருஷம் (புதன், மாலை 4:45)

சார், ஒண்ணு போட்டு பாத்தேன், சரியான்னு சொல்லுங்க. டீக்கடை அண்ணா 1, 3, 9 எல்லாம் மாறாத ஃபங்ஷனோட 0.371 இடிக்குதுன்னு சொன்னாங்கல்ல. அப்ப நீங்க சொன்ன பூஜ்யத்துல இருந்தே எடுத்தா? 3/4, 9/4, 27/4, 81/4... இது எல்லாமே மாறாத ஃபங்ஷனுக்கு செங்குத்து, ஒரு பைசா இடிக்காது. ஆனா ஒண்ணுக்கொண்ணு பாத்தா அடுத்தடுத்த ரெண்டோட வித்தியாசம் 3/2, 9/2, 27/2. அதுல காஸ் 180 டிகிரி, குறிய விட்டுட்டா அதோட மதிப்பு 1, அப்புறம் காஸ் 60, காஸ் 20, காஸ் 6.67, காஸ் 2.22... பெருக்கினா 0.466 வருது, அடுத்தடுத்த எல்லா ஜோடிக்கும் அதே 0.466. மாறாத ஃபங்ஷன்கிட்ட இருந்து தப்பிச்சு ஒருத்தர் மேல ஒருத்தர் விழறாங்க.

சேப்பாக்கம்_சார் (புதன், மாலை 5:30)

0.466 சரி. நானும் பேப்பர்ல போட்டு பாத்தேன். ஏன் தப்பிக்க முடியாதுன்னா எல்லா வித்தியாசமும் ஒத்தை கழித்தல் ஒத்தை, அதாவது இரட்டையின் கால், என் முதல் பதிவுல இருந்த அதே ஆள். இப்ப ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்து பாருங்க, 3/4, 27/4, 243/4. அதுக்கு வேற எண் வரும், சின்னதா வரும். ரெண்டு விட்டு ஒண்ணு எடுத்தா என்ன வருதுன்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள போடுங்க தம்பி.

இரண்டாம்_வருஷம் (புதன், மாலை 5:34)

ஒண்ணு விட்டு ஒண்ணுக்கு வித்தியாசம் 6, அது 2-ஓட அதே மதிப்பு, 0.5 பெருக்கல் காஸ் 80... 0.077 வருது சார். மீதி பஸ்ல போடறேன்